கெபிக்குக் கீழ

வெள்ளவத்தை
2008 யூன் 9

மச்சாளுக்கு,

நோபேட் எழுதுறன். போன் எடுத்தால் என்ட குரல் கேட்ட உடன வைக்கிறீங்கள். வைக்காட்டியும் இதைப் போனில கதைக்க ஏலாது. இப்ப ஆர் ஆற்ற கதையை ஒட்டுக் கேக்கிறாங்கள் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அதால கடிதம். வாசிச்சு முடிய எரிச்சுப்போடுங்கோ.

சுகம் விசாரிக்க எழுதேல்ல. பக்கத்து வீட்டு றலியா நேற்று ஒரு சோடாப் போத்தலைக் கொண்டுவந்து காட்டினா. கொட்டாஞ்சேனையில ஒரு வளவுக்குள்ள, கல்லால குகை மாதிரிக் கட்டி மாதா சுருவம் வைச்ச கெபி இருக்காம், மாதாட காலடியில ஊற்று வருதாம், பேரப்பிள்ளையின்ட காய்ச்சலுக்குக் கியூவில நிண்டு பிடிச்சவவாம். ஒழுங்கை எது எண்டு கேட்டன். வாசல்ல நிக்கிற ஈரப்பலா மரத்தையும் சேத்துச் சொன்னா. உங்கட வீடுதான், வேற ஆற்ற? போத்தலைப் பறிச்சுச் சிங்கில ஊத்தினன். றலியா இப்ப என்னோட கதைக்கிறேல்ல.

அந்தத் தண்ணியை ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ. நீங்களும் வாயில வைக்காதேங்கோ. உங்கட மனுசன், என்ட அண்ணன் றேமண்ட், அந்தக் கெபியைப் பக்தியில கட்டேல்ல. அதுக்குக் கீழ றேடியம் தாட்டுக் கிடக்கு. அந்தக் காலத்தில புற்றுநோய்க்காரருக்கு உடம்புக்குள்ள வைச்ச ஊசியள். அணுகுண்டுக் குப்பை எண்டு கேள்விப்பட்டிருப்பீங்களே, அந்தச் சாதிச் சாமான். மழைத்தண்ணி அதுக்குள்ள போய், நஞ்சைக் கழுவிக்கொண்டு மேல வருது. அதைத்தான் சனம் போத்தல்ல பிடிச்சுக்கொண்டு போகுது.

உடன நிப்பாட்டுங்கோ. என்னைத் திட்டுறதெண்டால் பிறகு ஆறுதலாத் திட்டலாம்.

நோபேட்


கொட்டாஞ்சேனை
யூன் 13

நோபேட்,

கடிதத்தை எரிக்கேல்ல. மாதாட காலடியில வைச்சிருக்கிறன். உம்மட கொழுப்பை அவவும் ஒருக்கா வாசிக்கட்டும்.

ரெண்டு வருஷத்துக்குப் பிறகு எழுதுறீர். என்ட பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லு இல்ல. நிக்கலஸ் எண்ட பேர் ஞாபகம் இருக்கோ? உம்மட அண்ணன்ட ஒரே மகன். வேலை முடிஞ்சு வந்தவனை ஒழுங்கை முடக்கில வைச்சு நம்பர் பிளேட் இல்லாத வெள்ளை வானில ஏத்திக்கொண்டு போன அண்டைக்கு, பொலிஸுக்கு ஒரு ஆம்பிளைத்துணை வேணும் எண்டு ஓட்டோ பிடிச்சு உம்மட வாசலுக்கு வந்தனான். நீர் கதவுச் சங்கிலியைக் கழட்டேல்ல. இடுக்கால நிண்டு, "மச்சாள், என்னை இதுக்குள்ள இழுக்காதேங்கோ" எண்டீர். அந்த இடுக்கில தெரிஞ்ச உம்மட ஒத்தைக் கண்ணை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டன்.

தனியத்தான் போனனான். இண்டைக்கும் ஒவ்வொரு செவ்வாயும் கொச்சிக்கடைக் கோயில்ல பூசை கண்டுபோட்டு, அப்பிடியே பொலிஸுக்குப் போய்க் கேக்கிறன். அங்க இருக்கிறவன் தலை நிமிர்த்தாமல் "நே அம்மே", இல்லை அம்மா எண்டு சொல்லுறான். திரும்பி வாறன்.

போன ஒக்டோபரில நேர்த்தி வைச்சன். அம்மா, என்ட பிள்ளை உயிரோட இருக்கிறான் எண்டால் ஒரு அடையாளம் காட்டு எண்டு. பெரிய மழை ஒண்டு பெய்து ஓய, விடியக் காலமை அவவின்ட காலடியில தண்ணி. மழை விட்டும் அது நிக்கேல்ல. எட்டு மாதமா வருது. இது அடையாளம் இல்லாமல் வேற என்ன?

எண்பத்திமூண்டுக் கலவரத்தில எங்கட ஒழுங்கை முழுக்க எரிஞ்சது. இந்த வீட்டு வாசலுக்கும் மண்ணெண்ணெயோட வந்தவங்கள். கெபியைக் கண்டிட்டு முன்னால வந்தவன் நிண்டான், மற்றவங்களைக் கூட்டிக்கொண்டு போயிட்டான். அப்ப நிக்கலஸுக்கு ஆறு வயசு, என்ட சட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு பாத்தவன். எங்களைக் காப்பாத்தின தாய்க்குக் கீழ நஞ்சு கிடக்கெண்டு எழுத உமக்குக் கை கூசேல்லையோ?

எனக்குத் தெரியும் உம்மட எண்ணம். அவர் செத்து முப்பத்தோராம் நாள் முடியமுதலே வளவை அடுக்குமாடி பிளட் கட்டுறவனுக்கு விப்பம் எண்டு வந்து நிண்ட ஆள் நீர். கெபி நிக்கிற வளவை ஒருத்தனும் வாங்கான். அதுக்கு இப்ப றேடியம், கீடியம் எண்டு கதை கட்டுறீர்.

ஓகஸ்ட் பதினஞ்சு மாதா திருநாளுக்குப் பெரிய பீப்பா வைச்சு வாற எல்லாருக்கும் குடுக்கப்போறன். உம்மட றலியாவையும் வரச்சொல்லும்.

பிறிஜெற்


வெள்ளவத்தை
யூன் 18

மச்சாளுக்கு,

கதவுக் கதையை நான் மறுக்கேல்ல. பயந்தனான். இப்பவும் பயம்தான். நான் கோழை எண்டதுக்காக அந்தத் தண்ணி நல்ல தண்ணி ஆகாது.

நடந்ததைச் சொல்லுறன், ஆத்திரத்தை ஒரு பக்கம் வைச்சிட்டு வாசியுங்கோ. அண்ணன் வேலை செய்த தனியார் ஆஸ்பத்திரி எழுபத்தேழில மூடுப்பட்டது. இப்ப அந்த இடத்தில சீலைக்கடை. முதலாளி டொக்டர் அவுஸ்திரேலியாவுக்குப் போகேக்க, ஈயப் பெட்டிக்குள்ள கிடந்த றேடியம் ஊசியளை அண்ணனிட்டக் குடுத்து, "எங்கயாவது கொண்டுபோய்த் தள்ளு" எண்டிட்டுப் பிளேன் ஏறினவர். அண்ணன்தானே அந்த அறைக்குப் பொறுப்பு. கடல்ல எறிய மனமில்ல, மீன் பிடிக்கிறவன் பாவம். தெருவோரக் கானுக்குள்ள போட மனமில்ல, பிள்ளையள் விளையாடும். உங்கட மனுசன்ட பெரிய மனசு உங்களுக்குத் தெரியும்தானே, வீட்டை கொண்டுவந்திட்டார். நீங்கள் நிக்கலஸைப் பெறுறதுக்கு மன்னாருக்குத் தாய்வீட்டை போயிருந்த நேரம்.

கிடங்கு வெட்டி, பெட்டியை ஒரு தார்ப் பீப்பாய்க்குள்ள இறக்கி, சுத்திவரக் கொங்கிறீற் ஊத்தினம். சீமெந்து குழைச்சது நான். அதுக்கு மேல என்ன வைக்கிறது எண்டு ரெண்டு பேருமா யோசிச்சம். எச்சரிக்கைப் போட் எழுதி நட்டால் எழுத்து அழிஞ்சுபோகும். கம்பி அடிச்சால் கம்பிக்காகவே கழட்டிக்கொண்டு போவாங்கள். அண்ணன்தான் சொன்னவர், மாதாவை வைச்சால் இந்த ஊரில வேதக்காரன், சைவக்காரன், பௌத்தன், முஸ்லிம் ஒருத்தனும் கிண்டமாட்டான் எண்டு. அப்பிடி வந்ததுதான் உங்கட கெபி. மனுசன்ட மூளையே மூளை எண்டு நானும் மெச்சினன். சனம் கிண்டாமல் கும்பிட்டு அள்ளிக் குடிக்கும் எண்டு ரெண்டு மடையனுக்கும் தோணேல்ல.

தண்ணி அடியால வரும் எண்டும் தோணேல்ல. அந்த நாளில களனி கங்கை பெருகினால்தான் உங்கட ஒழுங்கையில வெள்ளம். இப்ப ஒரு பின்னேரம் பெய்தாலே முழங்கால் அளவு நிக்குது. ஒரு மாதத்து மழை ஒரு நாளில கொட்டுது. கடலும் ஏறி வருது, அதால கான் தண்ணி வெளியில போக வழியில்லாமல் திரும்பி நிலத்துக்குள்ள இறங்குது. உப்புத் தண்ணி பட்ட கொங்கிறீற் எத்தினை காலத்துக்கு நிக்கும்? இங்க வெள்ளவத்தையில அலை றெயில் பாதையில வந்து அடிக்குது. பூமி சூடாகுது எண்டு பேப்பரில போடுறதை ஏதோ பனிக்கரடிக்கு வந்த கஷ்டம் எண்டு நினைக்கிறீங்கள். பசிபிக் கடல்ல ஒரு தீவில அமெரிக்கன் அணுகுண்டு வெடிச்ச குப்பையைக் குழிக்குள்ள போட்டுக் கொங்கிறீற் மூடி போட்டு வைச்சிருக்கிறான். கடல் தண்ணி அடியால போய் வருதாம். அவனுக்கே அந்தக் கதி எண்டால் நான் மண்வெட்டியால குழைச்ச சீமெந்து எந்த மூலைக்கு?

றேடியம் உடம்புக்குள்ள போனால் சுண்ணாம்புச் சத்து மாதிரி எலும்பில போய்க் குந்தும். அதின்ட வீரியம் பாதியாகக் குறையவே ஆயிரத்தி அறுநூறு வருஷம் வேணும். அண்ணன் எதில செத்தவர்? எலும்பில வந்த புற்றுநோய். அவற்ற விரல் நுனியில தோல் உரிஞ்சு கிடந்ததுக்குச் சீமெந்துப் பொக்களம் எண்டு நீங்கள் எண்ணெய் பூசிக்கொண்டு திரிஞ்சீங்கள்.

பீப்பா வைக்கிற கதையை விடுங்கோ.

நோபேட்


கொட்டாஞ்சேனை
யூன் 24

நோபேட்,

செத்த மனுசன் எழும்பி வந்து மறுத்துச் சொல்லமாட்டார் எண்ட துணிவு. எழுதும், நல்லா எழுதும். என்ட மனுசன் இருபத்திரண்டு வருஷம் அந்தக் கெபிக்கு முன்னால முழங்கால்ல நிண்டவர். நஞ்சுக்கு முன்னாலயோ நிண்டவர்?

ஓம், அங்க கிண்டக்கூடாது எண்டு அவர் சாகேக்கயும் சொன்னவர்தான். என்ட கையைப் பிடிச்சுச் சொன்னவர். புனிதமான இடத்தில ஆராவது மண்வெட்டி போடுவினமோ? அதை நீர் உமக்கு வசதியா வளைக்கிறீர்.

ஒண்டு கேக்கிறன். இவ்வளவு பெரிய நஞ்செண்டால் இதைப் பாக்கிறதுக்கெண்டு அரசாங்கக் கந்தோர் ஒண்டு இருக்கும்தானே. போய் உம்மட பேரைச் சொல்லி, கையெழுத்து வைச்சுச் சொல்லும். அண்டைக்கு நம்புறன். அதுக்கு நெஞ்சில துணிவில்ல. தனிய இருக்கிற பொம்பிளையைக் கடிதம் போட்டு வெருட்ட மட்டும் தெரியும்.

பீப்பாய்க்குச் சொல்லியாச்சு.

பிறிஜெற்


வெள்ளவத்தை
யூன் 27

மச்சாளுக்கு,

போகமாட்டன். "கொட்டாஞ்சேனையில தமிழன் வீட்டில அணுச் சாமான் தாட்டு வைச்சிருக்கு" எண்டு இந்தக் காலத்தில போய்ச் சொன்னால், அடுத்த நாள் பேப்பரில உங்கட படமும் என்ட படமும் வரும். அதுக்குப் பிறகு எங்களை ஒருத்தரும் காணமாட்டினம். போன வருஷம் இங்க லொட்ஜில தங்கி நிண்ட தமிழ்ச் சனத்தையே பஸ்ஸில ஏத்திக் கொழும்பை விட்டு அனுப்பினவங்கள்.

ஆனபடியால் நீங்களே பாருங்கோ. இதைக் கொண்டுவாற ஓட்டோக்கார ஷரீப்பிட்டப் பல்லுக்கு எக்ஸ்றே எடுக்கிற சின்னப் பிலிம் மூண்டு குடுத்துவிட்டிருக்கிறன். முப்பது வருஷம் எக்ஸ்றே அறையில நிண்டவன் நான், இது எனக்குத் தெரிஞ்ச வேலை. பிலிமைக் கறுப்புத் தாளில சுத்தி ஒட்டிக்கிடக்கு, ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளுக்குப் போகாது. பிரிச்சுப்போடாதேங்கோ. தண்ணி வாற கல்லில ஏதாவது உலோகச் சாமானை வைச்சு, அதுக்கு மேல பிலிமைப் பொலித்தீன் பையில போட்டு வையுங்கோ. ரெண்டு கிழமை கிடக்கட்டும். பிறகு உங்கட ஆள் ஆரிட்டயாவது, உங்கட பல் டொக்டரிட்டயே குடுத்துக் கழுவுங்கோ.

ஒண்டும் இல்லையெண்டால் பிலிம் வெறுங் கண்ணாடி மாதிரி வரும். அப்பிடி வந்தால் நான் வந்து உங்கட கெபிக்கு முன்னால முழங்கால்ல நிண்டு மன்னிப்புக் கேக்கிறன்.

நோபேட்


கொட்டாஞ்சேனை
யூலை 16

நோபேட்,

முழங்காலுக்கு எண்ணெய் பூசி ஆயத்தமாயிரும்.

நீர் சொன்ன மாதிரியே வைச்சன். வாற வழியில ஷரீப் மாத்தினது எண்டு சொல்ல இடம் வைக்காமல் நானே வைச்சு, நானே எடுத்து, நானே எங்கட பல் டொக்டரிட்டக் கொண்டுபோனன். கழுவிக்கொண்டு வந்தவர் வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்திட்டு, "மே மொகக்த நோனா?", இது என்ன எண்டு கேட்டார். அவர் பௌத்தர். அவரே கை கூப்பினார்.

பிலிம் முழுக்கக் கறுப்பு. நடுவில மாதா. வெள்ளை வெளேரெண்டு, முக்காடும், கூப்பின கையும். நிக்கலஸ் சின்னனில கோயில்ல முதல் நன்மை எடுக்கேக்க வாங்கின, மாதா உருவத்தில வெட்டின வெள்ளிப் பதக்கத்தைத்தான் கீழ வைச்சனான். கமெரா இல்ல, வெளிச்சம் இல்ல, மூடிக்கட்டின தாளுக்குள்ள அவ தானா வந்து நிக்கிறா. நஞ்சு படம் கீறுமோ?

பிறேம் போட்டுக் கெபியில கொழுவியாச்சு. கியூ இப்ப சந்திவரைக்கும் போகுது. நீர் எனக்குச் செய்த ஒரே நல்ல காரியம் இதுதான், அதுவும் தெரியாமல் செய்தது.

பிறிஜெற்


வெள்ளவத்தை
யூலை 19

மச்சாள்!

கடவுளே, உங்களோட என்ன செய்யிறது? உலோகச் சாமான் ஒண்டை வையுங்கோ எண்டால் மாதாவையே வைக்கிறதோ? அது நிழல், மச்சாள், நிழல்! கீழயிருந்து வாற கதிர் பிலிமைக் கறுப்பாக்கும். வெள்ளி மறிச்ச இடம் மட்டும் வெள்ளையாத் தெரியும். அந்தப் படத்துக்கு அர்த்தம், கல்லில நஞ்சு கிடக்கு எண்டதுதான். நான் கேட்ட சாட்சியை நீங்கள் பிறேம் போட்டுக் கொழுவி, அதுக்குப் பூ வைக்கிறீங்கள்.

மிச்சப் பிலிம் ரெண்டு இருக்குத்தானே. போத்தல் திறக்கிறதை வையுங்கோ. செருப்பாணியை வையுங்கோ. அதுவும் வெள்ளையா வந்தால் அதுக்கும் ஒரு கெபி கட்டி, செபமாலை சொல்லுங்கோ.

றலியா மறுபடியும் வந்து தண்ணி பிடிச்சுக்கொண்டு போயிருக்கிறா, எனக்கு ஒளிச்சு. அந்தப் பேரப்பிள்ளைக்கு ரெண்டு வயசு. எலும்பு வளருற வயசு. நான் சொன்னால் கேக்கிறாவில்ல, நான் பிறிஜெற்றம்மாவில பொறாமை பிடிச்ச மச்சானாம். அப்பிடித்தானே அவவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறீங்கள்? அந்தப் பிள்ளைக்கு ஒண்டு நடந்தால் அது என்ட தலையிலயோ, உங்கட தலையிலயோ எண்டு மாதாவிட்டயே கேளுங்கோ.

நோபேட்


கொட்டாஞ்சேனை
ஓகஸ்ட் 5

நோபேட்,

நிக்கலஸின்ட வீட்டுத் திறப்பை வைச்சன். அவனைப் பிடிச்ச அண்டு ஒழுங்கையில விழுந்து கிடந்த, எங்கட வாசல் பூட்டின்ட திறப்பு. பக்கத்தில, மற்றப் பிலிமுக்குக் கீழ, ஒரு தேத்தண்ணிக் கரண்டியை வைச்சன்.

திறப்பு வந்திருக்கு. ஒவ்வொரு பல்லும் தெரியுது. அவன் வந்து கதவைத் திறப்பான் எண்டு அம்மா சொல்லுறா எண்டு நான் டொக்டரின்ட படிக்கட்டிலயே குந்தியிருந்து அழுதன். பிறகு அவர் மற்றதைக் கழுவிக்கொண்டு வந்து தந்தார்.

கரண்டியும் வந்திருக்கு.

கரண்டிக்கு என்னால ஒரு விளக்கமும் சொல்ல ஏலேல்ல. எவ்வளவோ யோசிச்சன். இண்டைக்குப் பொலிஸுக்கும் போகேல்ல, ரெண்டு வருஷத்தில போகாத முதல் செவ்வாய்.

இப்ப என்ன செய்ய வேணும் எண்டு எழுதும். இங்க வந்து நிக்காதையும், உம்மட முகத்தைப் பாக்கிற நிலையில நான் இல்ல.

பிறிஜெற்


வெள்ளவத்தை
ஓகஸ்ட் 8

மச்சாளுக்கு,

முதல் வேலை, திருநாளுக்கு முதல் சனத்தை நிப்பாட்டுங்கோ. றேடியம் எண்டு சொல்லவேண்டாம். கக்கூசுக் குழி உடைஞ்சு கெபிக்குள்ள கசியுது எண்டு சொல்லுங்கோ. அதைக் கேட்டால் ஒருத்தரும் வரமாட்டினம். பிறகு அந்தக் கல்லுக்கு மேல பொலித்தீன் விரிச்சு, நல்லாச் சீமெந்து பூசுவிக்கலாம். பிலிமுகளை எரியுங்கோ.

பொலிஸுக்கு மட்டும் போகாதேங்கோ. காலில விழுந்து கேக்கிறன்.

எவ்வளவு குடிச்சீங்கள்? அதை எழுதுங்கோ.

நோபேட்


கொட்டாஞ்சேனை
ஓகஸ்ட் 20

நோபேட்,

சொன்ன மாதிரியே சொன்னன். கேற்றில நிண்டு, கியூவில நிண்ட அவ்வளவு பேருக்கும் கேக்கச் சொன்னன். இது மாதாட தண்ணி இல்ல, எங்கட கக்கூசுத் தண்ணி எண்டு. ஒருத்தி துப்பினா. பத்து மாதமா ஊருக்குப் பருக்கினியே, உன்ட பிள்ளை திரும்பி வருவானோ எண்டு கேட்டா. பிள்ளைத்தாச்சி ஒருத்தி அந்த இடத்திலயே வாயில விரல் விட்டுச் சத்தியெடுத்தா. திருநாளுக்கு ஒரு சனமும் வரேல்ல. நானும் மாதாவும்தான் இருந்தம்.

சீமெந்து பூச ஆள் கூப்பிடேல்ல. பூசி என்ன? அடுத்த மழைக்கு அது பக்கத்து வீட்டுக் கிணத்தால வரும். அங்க மெற்றில்டாவின்ட மூண்டு பிள்ளையளும் அந்தக் கிணத்துத் தண்ணியில குளிக்குதுகள். உம்மட பயத்துக்கு நான் அதுகளைக் குடுக்கலாமோ? ஆனபடியால் நேற்றுச் செவ்வாய், பூசை முடிய, பொலிஸுக்குப் போனன். அதே மேசை, அதே ஆள். நிக்கலஸைக் கேக்கேல்ல. "மஹத்தயா, என்ட வளவுக்குள்ள ஒண்டு தாட்டுக் கிடக்கு" எண்டு சிங்களத்தில சொன்னன்.

எழும்பி நிண்டான், நோபேட். ரெண்டு வருஷமா எனக்குத் தலை நிமிர்த்தாதவன் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி நிண்டான். கதிரை போட்டு என்னை இருக்கச் சொன்னாங்கள். தண்ணி வேணுமோ எண்டு கேட்டாங்கள். நான் ஜீப்பில ஏற முதலே எங்கட ஒழுங்கையை மூடியாச்சு. ஆமி, பொலிஸ், நாய், லொறி. என்ட பிள்ளையைத் தேடி ஒருத்தன் வந்து கேற்றைத் தட்டேல்ல. ஒரு பெட்டிக்கு இவ்வளவு பேர்.

மாதாவைத் தூக்கிக் குசினி வாசல்ல வைச்சிட்டு அவங்கள் வெட்டினாங்கள். உம்மட சீமெந்து பிட்டு மாதிரி உதிர்ந்தது. பிறகு முகமூடி போட்ட ஆக்கள் ஒரு மெசினோட வந்திச்சினம். அது கிடங்கில கத்திச்சுது. கல்லில கத்திச்சுது. குசினிக்குள்ள கொண்டுவர என்ட குடத்திலயும் கோப்பையிலயும் கத்திச்சுது. பெட்டியையும் மண்ணையும் குடத்தையும் கோப்பையையும் பிறேம் போட்ட படத்தையும் கொண்டுபோயிட்டாங்கள். திறப்பைக் குடுக்கேல்ல, சட்டைக்குள்ள ஒளிச்சு வைச்சிருந்தன்.

வெட்டிக்கொண்டிருக்கேக்க அவங்கட பெரியவனுக்கு முன்னால போய் நிக்கலஸின்ட படத்தை நீட்டினன். "இவ்வளவு ஆழம் வெட்டுறீங்கள், நல்லா வெட்டுறீங்கள். என்ட பிள்ளை எங்க கிடக்கிறான் எண்டும் உங்களுக்குத் தெரியுமோ?" எண்டு கேட்டன். படத்தைப் பாத்தான். திருப்பித் தந்தான். நேற்றுத்தான், நான் நிக்கலஸைச் செத்தவனாக நினைச்சு முதல் தரம் ஒரு வசனம் கதைச்சனான்.

ஆர் சொன்னது எண்டு பின்னேரம் முழுக்கக் கேட்டாங்கள். புருசன் கனவில வந்து சொன்னவர் எண்டன். திரும்பவும் விசாரிக்க வருவாங்களாம். உம்மட பேரைச் சொல்லேல்ல. பாவம் பாத்தில்ல. உம்மையும் கொண்டுபோனால் நான் பிறகு ஆரோட சண்டை பிடிக்கிறது?

றலியாவுக்கு உண்மையைச் சொல்லி, பிள்ளையை டொக்டரிட்டக் காட்டச் சொல்லும். நான் குடுத்த தண்ணி எண்டே சொல்லும்.

வாற செவ்வாய் கொச்சிக்கடைக் கோயில் வாசலுக்கு வாரும். பூசைக்கு இல்ல, என்னோட பொலிஸுக்கு வர. நான் பெட்டியைப் பற்றிச் சொன்னன், இனி நிக்கலஸைப் பற்றி அவங்கள் சொல்லட்டும். சங்கிலியைக் கழட்டிப்போட்டு வாரும். வராட்டிக் கடிதமும் போடவேண்டாம்.

எவ்வளவு குடிச்சன் எண்டு கேட்டீர். ஒவ்வொரு நாள் காலமையும் ரெண்டு கோப்பை. ஒண்டு எனக்கு, ஒண்டு நிக்கலஸின்ட பங்கு. எலும்பில போய்க் குந்தும், பாதி குறையவே ஆயிரத்தி அறுநூறு வருஷம் வேணும் எண்டு எழுதினீரே, அந்த வரியைத்தான் இப்ப திரும்பத் திரும்ப வாசிக்கிறன். என்ட எலும்பில வாசல் விளக்கு மாதிரி ஒண்டு அவ்வளவு காலம் அணையாமல் கிடக்குமெண்டால் கிடக்கட்டும். அவன் பிந்தி வந்தாலும் பரவாயில்ல.

பிறிஜெற்